கோடைக்கு ஒரு புது நாடகம்

மார்கழியில் பாட்டுக்காகக் கூட்டம் நெரிந்த அதே ஆழ்வார்பேட்டை அரங்கில், சித்திரை பிறந்ததும் சோபாவும் டீப்பாயும் போட்டு நாடகம் நடக்கிறது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா பல்லாண்டுகளாக நாரத கான சபாவில் நடத்திவரும் கோடை நாடக விழாவுக்குச் சென்னையின் கலை நாட்காட்டியில் தனி இடம் உண்டு. வெயில் ஏறத் தொடங்கும் ஏப்ரல், மே மாலைகளில் நாளுக்கு ஒரு குழு மேடையேறும். ஒவ்வொன்றும் புது நாடகம், அன்றுதான் அரங்கேற்றம். விழா முடிவில் சிறந்த நாடகம், கதை, வசனம், இயக்கம், நடிப்பு என்று பரிசுகள். மார்கழிக்கு விமர்சகர்களும் வெளிநாட்டு ரசிகர்களும் கேன்டீன் புகழும் கிடைத்ததுபோல இந்த விழாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் சபா நாடகம் என்ற வகை இன்றைக்கும் மூச்சு விடுகிறது என்றால், அதில் இந்த விழாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த மூச்சு ஏன் இவ்வளவு மேலோட்டமாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இந்த விழாவிலேயே பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆண்டுதோறும் புதிது வேண்டும் என்று கேட்கிற ஏற்பாடுதான் நாடகம் எழுதவைக்கிறது. எழுதிய நாடகத்தைப் பழுக்கவிடாமல் தடுப்பதும் அதுவே.

முதலில் விழாவுக்குச் சேரவேண்டிய வரவை வைத்துவிடலாம். 1952-இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் என்று குழுக்கள் பெருகிய காலத்தில் சபாவுக்கு நாடகம் தேவைப்பட்டது. சந்தா கட்டிய உறுப்பினருக்கு மாதத்துக்கு இத்தனை நிகழ்ச்சி தரவேண்டும். நாடகம்தான் எல்லாருக்கும் பிடித்த நிகழ்ச்சி. ஆபீஸ் விட்டு ஒத்திகைக்கு வரும் அமெச்சூர் நடிகர்களின் சனி ஞாயிறுகள் மாதக்கணக்கில் முன்கூட்டியே நிரம்பிவிடும். தொலைக்காட்சித் தொடர்கள் வந்ததும் இந்தக் கணக்கு குலைந்தது. 1990-களில் தனியார் சேனல்கள் பெருகியபோது நாடக எழுத்தாளரும் நடிகரும் சீரியலுக்குப் போனார்கள், பார்வையாளர் அந்தச் சீரியலைப் பார்க்க வீட்டிலேயே இருந்துகொண்டார். சபாக்கள் நாடக நாட்களைக் குறைத்தன. அப்படிப்பட்ட நேரத்தில் ‘வருகிற சித்திரையில் இந்தத் தேதி உங்களுக்கு’ என்று ஒரு சபா சொல்வதற்கு என்ன மதிப்பு என்பது குழு நடத்தியவர்களுக்குத் தெரியும். தேதி இருந்தால்தான் ஸ்கிரிப்ட் முடியும். தை மாதம் கதை பேசி, மாசியில் வசனம் படித்து, பங்குனியில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கிற ஒழுங்கு அந்த ஒரு தேதியை நம்பித்தான் நடக்கிறது. அரசு மானியமோ நாடகப் பள்ளியோ செய்யாத வேலையை ஒரு சபா வெறும் காலண்டரை வைத்துச் செய்திருக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது.

இனி, அந்தத் தேதியன்று மேடையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான சபா குழுக்களுக்குச் சொந்தமாக அரங்கப் பொருள் கிடையாது. சென்னையில் நாடகத்துக்குச் செட் போடுகிறவர்கள், ஒப்பனைக்காரர்கள், பின்னணி இசை தருகிறவர்கள், லைட் பார்க்கிறவர்கள் எல்லாரும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நேற்று ஒரு குழுவுக்கு வேலை செய்தவர்களே இன்று இன்னொரு குழுவுக்கும் செய்கிறார்கள். அதனால் நேற்றைய நாடகத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் வீட்டுச் சுவராக இருந்தது இன்று வக்கீல் வீட்டுச் சுவராகிறது, மாட்டியிருக்கும் படம் மட்டும் மாறும். நடிகர்கள் அந்தச் செட்டை முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது அரங்கேற்றத்தன்று பிற்பகல்தான். வாசல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அப்போதுதான் உறுதியாகிறது. மேலிருந்து தொங்கும் மைக்குகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, முக்கியமான வசனத்துக்கு அங்கே வந்து நிற்கவேண்டும்; கோபித்துக்கொண்டு வெளியேறும் மகன்கூட மைக்கடியில் ஒருகணம் நின்று கோபித்துவிட்டுத்தான் போகிறான். காட்சி முடிந்து விளக்கணைந்ததும் இருட்டில் நாற்காலி நகரும் சத்தம், அதை மூட ஒரு வயலின் துண்டு. விங்ஸிலிருந்து அடியெடுத்துக் கொடுக்கும் குரல் சில நேரம் மூன்றாம் வரிசைவரை கேட்கும். இவற்றில் எதுவும் குற்றமில்லை. உலகில் எந்த நாடகமும் முதல் காட்சியில் இப்படித்தான் தடுமாறும். நடுவர்கள் இந்தத் தடுமாற்றத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஒரு நாடகம் தன் வாழ்நாளிலேயே மிகப் பலவீனமாக இருக்கும் மாலையைத் தேர்ந்தெடுத்து, அதன் தலையெழுத்தை அன்றைக்கே முடிவுசெய்கிறோம்.

இந்த அவசரம் எழுத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ஒரே ஒரு முறை பார்த்துத் தீர்ப்பு சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்த எழுத்தாளர், ஒரே முறையில் தெரிந்துவிடக்கூடியதை எழுதுவார். கடைசிக் காட்சியில் ஒரு திருப்பம், அதன்பின் குடும்பமே வரிசையாக நிற்க ஒரு கருத்து. தனி நடிப்புப் பரிசு உண்டு என்பதால் அப்பாவுக்கு ஒரு நீண்ட பேச்சு, அம்மாவுக்கு ஓர் அழுகை, நகைச்சுவைப் பாத்திரத்துக்கு இரண்டு கைத்தட்டல். அமெரிக்காவில் இருக்கும் மகன், முதியோர் இல்லம், ஃபிளாட் கட்டக் கேட்கப்படும் பூர்வீக வீடு என்று கதைகள் சுற்றிச் சுற்றி வருவதை எல்லாரும் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர் வாசிகளில் எத்தனையோ பேருக்கு அவை உண்மையிலேயே வாழ்க்கைப் பிரச்சினைகள். முதியோர் இல்லத்தைப் பற்றி எழுதுவது தவறே இல்லை; அதை ஐந்தாவது முறை திருத்தி எழுதுவதற்குள் அடுத்த சித்திரை வந்துவிடுகிறது, அதுதான் தவறு. எழுத்தாளரே இயக்குநராகவும் பல குழுக்களில் முக்கிய நடிகராகவும் இருப்பதால், ‘இந்தக் காட்சி வேண்டாம்’ என்று சொல்லும் ஆளும் உள்ளே இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பார்வையாளர்தான். அவர் பத்து வெவ்வேறு அரங்கில் பத்து முறை சிரிக்காமல் இருந்தால்தான் அந்தக் காட்சி விழும்.

சபா மேடையின் நல்ல காலம் அப்படித்தான் இருந்தது. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர், ஆகவே புதிது படைப்பதில் அவருக்குச் சோம்பல் கிடையாது. ஆனால் அவருடைய ‘மனோகரா’ நின்றது அதன் புதுமையால் அல்ல, திரும்பத் திரும்ப ஆடப்பட்டதால். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகள் ஓர் ஊரில் முகாம் போட்டால் மாதக்கணக்கில் தங்கி, அதே நாடகங்களை மாற்றி மாற்றி ஆடின; டி.கே.எஸ். சகோதரர்களின் நடிப்பு அந்த உலையில் வெந்தது. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ 1968-இல் படமாவதற்குமுன் மேடையில் பலமுறை சோதிக்கப்பட்ட பண்டம். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980-இல் மேடையேறியது, மறுவருடம் படமானது, பல்லாண்டுகளுக்குப் பிறகு அவர் மகள் அதை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தபோதும் அதற்குப் பார்வையாளர் இருந்தார்கள். இன்னும் அருகில் வேண்டுமானால் கிரேசி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’. நூற்றுக்கணக்கான முறை நடந்த அந்த நாடகத்தில் ஒரு சிரிப்புக்கும் அடுத்த சிரிப்புக்கும் நடுவே நடிகர்கள் விடும் இடைவெளியை எந்த ஒத்திகையும் கற்றுத்தர முடியாது.

‘இப்போதைய ரசிகர் பார்த்த நாடகத்தையே பார்க்க வரமாட்டார்’ என்பது இதற்குச் சபாக்காரர்கள் சொல்லும் முதல் பதில். நியாயம்போலத் தெரிகிறது; ஆனால் இதே ரசிகர்தான் இதே அரங்கில் மார்கழியில் ஆயிரம் முறை கேட்ட பைரவியை ஆயிரத்தோராவது முறை கேட்க வரிசையில் நின்றவர். தெரிந்த கிருதியை இன்றைக்கு இவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கத் தெரிந்தவருக்கு, தெரிந்த நாடகத்தை இன்றைக்கு இவர் எப்படி நடிக்கிறார் என்று பார்க்கத் தெரியாதா? அவருக்கு அந்தப் பழக்கத்தை நாம் ஏற்படுத்தவில்லை, அவ்வளவுதான். இந்த முன்கோடையில் சென்னையைவிட்டு இரண்டு மூன்று மணிநேரம் காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் போனால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு என்றால் அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் ஏறுவார், படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்த துரியோதனன் கிடப்பான், யார் ஜெயிப்பார் என்று தெரியாத குழந்தைகூட அங்கே கிடையாது. போன வருடத்துத் துரியோதனனைவிட இந்த வருடத்துத் துரியோதனன் எப்படி என்று விடியும்வரை பேசுகிற கூட்டம் அது. கூத்தைச் சபா நாடகத்தோடு தராசில் வைக்க நான் முயலவில்லை. ஒன்றில் வேண்டுதல் இருக்கிறது, மற்றதில் உறுப்பினர் சந்தா. ஆனால் புதுக்கதை இல்லாவிட்டால் தமிழ்ப் பார்வையாளர் உட்காரமாட்டார் என்ற கூற்று அங்கே நிற்காது.

இரண்டாவது பதில் பணம் பற்றியது. அதை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. செட், லைட், ஒப்பனை, இசை, வேன் வாடகை, நடிகர்களுக்குச் சாப்பாடு என்று ஒவ்வொரு காட்சிக்கும் செலவு உண்டு. சபா தரும் தொகைக்குள் பெரும்பாலும் அது அடங்கிவிடாது. கைக்காசு போட்டு நாடகம் நடத்துகிறவரிடம் ‘இருபது முறை போடுங்கள்’ என்று சொல்வது, அவர் இருபது முறை நஷ்டப்படவேண்டும் என்று சொல்வதுதான். நடிகர்கள் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவருக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தால் பாத்திரம் காலி. இந்த நிலையில் வருடத்துக்கு ஒரு புது நாடகம், ஒரு விழா, அதன்பின் பிற சபாக்களிலிருந்து வருகிற சில அழைப்புகள் என்பது குழுக்களின் சோம்பேறித்தனத்தால் வந்தது அல்ல, அவர்கள் கையில் இருக்கும் பணத்தின் அளவு அது. ஆனால் இதே வாதத்தைத் திருப்பியும் பார்க்கவேண்டும். புதிதாக ஒன்றை எழுதி, ஒத்திகை பார்த்து, மேடைக்குக் கொண்டுவருகிற முதல் செலவுதான் பெரியது. அதைக் குறைவான காட்சிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் நஷ்டம் கூடும். புதிதுக்கு மட்டும் பரிசு கொடுக்கிற ஏற்பாடு, குழுவை அந்தப் பெரிய செலவையே வருடாவருடம் செய்யவைக்கிறது.

நவீன நாடகக்காரர்களின் பதில் வேறு மாதிரி. சபா நாடகம் என்பது மேடையில் நடக்கும் சீரியல், அதைப் பழுக்கவைத்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், மறுவருடம் ஞாநி தொடங்கிய பரீக்ஷாவும் இந்த அதிருப்தியிலிருந்துதான் புறப்பட்டன, அதில் நியாயமும் இருந்தது. உடலையும் குரலையும் பழக்கும் முழுநேர நடிகர் என்ற எண்ணத்தைக் கூத்துப்பட்டறை சென்னையின் நவீன நாடகத்தில் முன்வைத்தது. ஆனால் அவர்கள் சபாவின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, சபாவின் பார்வையாளரும் அவர்களைத் தேடிப் போகவில்லை. கோடை விழாவுக்கு வரும் எழுபது வயதுக்காரருக்கு நாடகம் பார்க்கும் பழக்கம் ஐம்பது வருடத்துப் பழக்கம். குடும்பத்தோடு ரிக்‌ஷாவில் வந்து சோவைப் பார்த்தவர் அவர். அந்தப் பழக்கத்தை ரசனையின்மை என்று எழுதித் தள்ளினால், இந்த நகரத்தில் மாலை ஏழு மணிக்கு நாடகத்துக்காகவே வீட்டைவிட்டுக் கிளம்பும் மனிதர்களில் பெரும்பகுதியை இழந்துவிடுவோம். அவர்களுக்குப் பிறகு அந்த நாற்காலிகளில் யார் உட்காரப்போகிறார்கள் என்பது வேறு கவலை. விழா ஆழ்வார்பேட்டையில் இருக்கும்வரை, ஆவடியிலும் கேளம்பாக்கத்திலும் வளர்ந்துவிட்ட நகரத்தின் இளையவர்கள் அந்த நேரத்துக்கு அங்கே வந்துசேர்வது கடினம் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் விழாவைக் கலைக்கவேண்டிய தேவை எங்கும் தெரியவில்லை. விதியில் ஒரு திருத்தம் போதும். அரங்கேற்றங்கள் அப்படியே நடக்கட்டும். ஆனால் பரிசை அந்த மாலையிலேயே தீர்மானிக்காமல் ஒரு வருடம் தள்ளிவைக்கலாம்: சென்ற சித்திரையில் அரங்கேறி, இடையில் மற்ற சபாக்களில் குறைந்தது ஐந்தாறு முறை நடந்த நாடகங்களில் இரண்டை இந்த வருட விழாவின் இரண்டு மாலைகளில் மீண்டும் போட்டு, அப்போது மதிப்பிடலாம். வெட்டியது என்ன, சேர்த்தது என்ன, கூடவே நடிகர் எப்படி வளர்ந்தார் என்று நடுவர்கள் அப்போதுதான் பார்க்க முடியும். பரிசு வேண்டுமென்றால் ஐந்தாறு காட்சி வேண்டும் என்று ஆகும்போது, அந்த அழைப்புகளைத் தேடுகிற கட்டாயம் குழுவுக்கும், தருகிற பெருமை மற்ற சபாக்களுக்கும் வரும். இதில் நேரடியாக இடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. மறு அரங்கேற்றத்துக்கான அந்த இரண்டு மாலைகளால் இரண்டு புதுக் குழுக்களுக்குத் தேதி போய்விடும், அது அவர்களுக்கு ஒரு வருடத்து வேலை. ஆகவே மாலைகளைக் கூட்டத்தான் வேண்டும், குறைக்கக்கூடாது. கூட்டினால் அரங்க வாடகையும் செட்காரரின் கூலியும் சேரும். ஸ்பான்சரிடம் கேட்கும்போது பெயர்ப் பலகைக்கு அல்லாமல் இந்த இரண்டு நாள் கூலிக்கென்று கேட்கலாம். தொகை பெரிதல்ல. மார்கழிக் கச்சேரி மேடைகளின் பின்திரையில் வரிசைகட்டும் விளம்பரதாரர்களில் ஒருவர் மனம்வைத்தாலே போதும்.