தகரப் பெட்டியும் டொல்பினும்

மைசூரு அருகே நஞ்சன்கூட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று பழைய வேன் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து சம்பந்தி வழி உறவினர் ஒருவர் வந்திருந்தார். விலை பேச நிறுத்தியிருந்த மாருதி ஈக்கோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவை விரலால் தட்டினார். "என்ன அண்ணை, உந்தத் தகரப் பெட்டியிலயோ மலை ஏறப் போறியள்? எங்கட பக்கம் வான் எண்டா டொல்பின்தான்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பதில் சொல்லாமல் விடக்கூடிய பேச்சல்ல அது.

டொல்பின் என்று இலங்கையில் சொல்வது எண்பதுகளின் கடைசியில் வந்த டொயோட்டா ஹயஸை. அதற்கடுத்த தலைமுறையை வண்டியின் மாடல் எழுத்துகளை வைத்தே 'கே.டி.எச்.' என்கிறார்கள். சின்னக் குடும்பத்துக்கு சுசூகி எவ்ரி. பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிப் பிறகு கப்பலேறி வந்தவை. அதனால் அங்கே வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது ஜப்பான் ஏலத் தாளை. அதில் எத்தனை மதிப்பெண், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், சேசிஸ் எண்படி எந்த ஆண்டு என்று பார்ப்பார். நஞ்சன்கூட்டில் இந்தக் கேள்விகளே எழுவதில்லை. "ஓட்டினது யாரு, வெள்ளை போர்டா மஞ்சள் போர்டா, எத்தனாவது ஓனர்?" இவ்வளவுதான். வாடகைக்கு ஓடிய மஞ்சள் போர்டு வண்டியை வெள்ளைக்கு மாற்றி விற்பது இங்கே பழைய வழக்கம். அதைக் கண்டுபிடிக்க ஏலத் தாள் உதவாது. தேய்ந்த கிளட்ச் பெடலும், பின்சீட்டில் பிடிமானம் கழன்ற கைப்பிடியும் சொல்லிவிடும்.

தகரப் பெட்டி என்ற பேச்சுக்கு வருவோம். 1984-இல் மாருதி வேன் என்று வந்து பிறகு ஆம்னி ஆன வண்டி, சுசூகி கேரியின் வடிவம். 2001-இல் வந்து விலைபோகாத வெர்சா, எவ்ரி குடும்பத்து வண்டி. அந்த வெர்சாவின் உடலைச் சிக்கனமாக்கி 2010-இல் இறக்கியதுதான் ஈக்கோ. யாழ்ப்பாணத்தில் பெருமையாக நிற்கும் எவ்ரிக்கும் நஞ்சன்கூட்டில் வாழைத்தார் ஏற்றும் ஈக்கோவுக்கும் பாட்டன் ஒருவர்தான். அங்குள்ளது 660 சிசி. இங்குள்ளது ஏறத்தாழ 1,200 சிசி. மலை ஏறும் பேச்சு வந்ததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய வண்டியிலும் இதே கதை. கே.டி.எச். 200-இல் இருக்கும் 2,494 சிசி 2கேடி டீசல் எஞ்சின்தான் 2005 முதல் நம் ஊர் இன்னோவாவிலும் ஓடியது. அந்த இன்னோவா தயாரானது பெங்களூரு–மைசூரு சாலையில் உள்ள பிடதியில். இலங்கையில் சந்துபொந்தெல்லாம் ஓடும் பஜாஜ் ஆட்டோவும், 'டிமோ பட்டா' என்று செல்லமாக அழைக்கப்படும் டாட்டா ஏஸும் எங்கிருந்து போனவை என்பதை விருந்தாளியிடம் கேட்பது மரியாதையல்ல என்று அந்த வீட்டார் விட்டுவிட்டார்கள்.

உண்மையான வித்தியாசம் விலையில். இலங்கையில் வேன் என்பது சொத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வண்டிகளுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் இருந்த வண்டிக்கெல்லாம் விலை ஏறியது. அங்கே போகாதவர்கள்கூட கொழும்பு விற்பனை விளம்பரங்களைப் பார்த்தால் போதும்: முப்பது வயது டொல்பினுக்கு நாற்பது, ஐம்பது லட்சம் இலங்கை ரூபாய் கேட்கிறார்கள். விற்பவருக்குக் கொண்டாட்டம்தான். புதிதாகக் குடும்பத்துக்கு வாங்குபவர் எங்கே போவார்? இங்கே பத்து வயது ஈக்கோ மூன்று லட்சத்தைச் சுற்றிக் கிடைக்கிறது. நம் வண்டி விலை இறங்குகிறது என்று பலர் குறைசொல்கிறார்கள். கையில் குறைந்த காசு வைத்திருப்பவருக்கு அந்த இறக்கம்தான் வாசல்.

டொல்பினின் பலத்தை மறுப்பதற்கில்லை. பெரிய டீசல் எஞ்சின், ஒரு கல்யாண வீட்டையே ஏற்றும் இடம், கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்தக் காலத்து உதிரிபாகமும் கிடைக்கும் வசதி. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் வேனுக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தபோதும் டொல்பினை வைத்துக் காலம் தள்ளியவர்கள் இலங்கைக்காரர்கள். ஈக்கோவோ 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. சோதித்தது காற்றுப்பை இல்லாத வண்டி. முடிந்தவரை காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் வந்த பிந்தைய ஆண்டு வண்டியாகப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. இங்கே சினிமாவில் ஆள் கடத்த வரும் வண்டி ஆம்னி, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இலங்கைத் தமிழருக்கு வெள்ளை வான் என்பது நிஜமாகவே ஆட்களைக் கடத்திய வண்டி. அவர்களுக்கு அந்தச் சிரிப்பு வராது. அந்த வேடிக்கையை அவர்கள் முன்னால் பேசாமலிருப்பது நல்லது.

நஞ்சன்கூட்டுக்காரர் வண்டி பார்க்கும் விதத்தைச் சொன்னால் எந்த வேன் எதற்குத் தோது என்பது விளங்கும். அந்தக் குடும்பத்தின் ஊர்ப் பயணம் சாமராஜநகர் வழியாகத் திம்பம் இறங்கிச் சத்தியமங்கலம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அதனால் வாங்கும் முன்பே, வீட்டார் எல்லாரையும் ஏற்றிச் சாமுண்டி மலைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே போனதும் முன்சீட்டைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். எண்ணெய்க் கசிவும் ரேடியேட்டர் தண்ணீரின் நிறமும் அப்போது தெரிந்துவிடும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது அடியில் 'டக்' என்றால் கிராஸ் ஜாயின்ட் போயிருக்கிறது. அது சின்னச் செலவு. பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைத்துப் பேசலாம், அல்லது திரும்பிவிடலாம். தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளத்தில் துருவை மறைத்துப் புதுப் பெயின்ட் பூசியிருக்கிறார்களா என்பதையும் நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இன்னோவா ஆசை எல்லாருக்கும் உண்டு. ஐந்து லட்சத்துக்குக் கிடைக்கும் இன்னோவா பெரும்பாலும் டாக்ஸியாக உழைத்து முடித்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையும் தடதடப்பும் வந்தால் இஞ்செக்டர் செலவு காத்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று ஷெவர்லே என்ஜாய், நிசான் எவாலியா பக்கம் போகிறவர்கள் உதிரிபாகத்துக்கு பெங்களூரு சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும்.

காகித விஷயத்தில் இரு நாடும் ஒன்றுதான். அங்கே 'ஓப்பன் பேப்பர்'. இங்கே கையெழுத்து மட்டும் போட்டு வெறுமையாகக் கொடுக்கும் படிவம் 29, 30. வாங்கியவர் பெயர் மாற்றாவிட்டால் விபத்து வழக்கு பழைய உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டும். கோவை வண்டி இருபதாயிரம் மலிவு என்று வாங்கினால், தடையின்மைச் சான்றும் கர்நாடக ஆயுள் வரியும் அந்த மலிவை விழுங்கிவிடும். பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறியது.

மூன்று லட்சத்துக்குள் என்றால் ஒரே குடும்பம் ஓட்டிய, மைசூரு பதிவுள்ள பெட்ரோல் ஈக்கோ. ஐந்து லட்சம் வரை முடியுமென்றால் பெட்ரோல் எர்டிகா. இரண்டுக்குமே நஞ்சன்கூட்டு மெக்கானிக்கிடம் வேலை தெரியும். பழைய கடன் தீர்ந்ததற்கான கடிதத்தைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.