கேடயம் செய்வது எப்படி: கனுபா ஹன்ஸ்கா லூகர்

லூகரின் படைப்புகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு செய்முறை வீடியோ. 2016-இல் இணையத்தில் போட்டது. மெல்லிய மரப்பலகையை நீளவாக்கில் அறுக்கணும், ஒரு பக்கம் கண்ணாடி போல மின்னும் தாளை ஒட்டணும், மறுபக்கம் பிடிக்கக் கயிறு கட்டணும். ஒரு முழுப் பலகையில் ஆறு கேடயம் வரும். செஞ்சு ஸ்டாண்டிங் ராக் முகாமுக்கு அனுப்புங்க. அவ்வளவுதான்.

லூகர் அங்கே பிறந்தவர்தான், 1979-இல். லகோட்டா, மாண்டன், ஹிடாட்சா, அரிக்கரா எல்லாம் கலந்த வம்சம். டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாய் அந்த மக்களின் ரிசர்வேஷனுக்குச் சற்று மேலே, மிசூரி ஆற்றின் ஓஹே நீர்த்தேக்கத்துக்கு அடியில் போக வேண்டியிருந்தது. குழாய் ஒழுகினால் குடிதண்ணீர் போச்சு. எதிர்ப்பு முகாமில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2016 நவம்பர் 20 இரவு, உறைகுளிரில், போலீஸ் அவர்கள்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. தண்ணீரைக் காக்க வந்தவர்கள்மேலேயே தண்ணீர்!

கண்ணாடி யோசனை அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. 2013 கடைசியில் உக்ரைனின் கீவ் நகரில் போராட்டக்காரர்கள் கலவரத் தடுப்புப் போலீஸ் முன்னால் கண்ணாடியைப் பிடித்து நின்றார்கள். லூகர் அதைக் கேடயமாக்கினார். இந்தச் சின்ன மாற்றம் பெரிசு. கேடயம் அடியைத் தடுக்கும். கண்ணாடி அடிக்கிறவன் முகத்தை அவனுக்கே காட்டும். நீயும் இந்த ஆத்துத் தண்ணியைத்தானே குடிக்கிறே என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

அந்த டிசம்பரில் ரோரி வேக்கெமப்புடன் சேர்ந்து முகாமில் ஒரு நிகழ்த்துதல் செய்தார், டிரோனில் படம் எடுத்தார்கள். பனிமேல் ஆட்கள் கேடயங்களை வானம் பார்க்கத் தூக்கியபடி நடக்க, மேலேயிருந்து அது வெள்ளிப் பாம்பாக நெளிகிறது. அங்கே அந்தக் குழாயைக் கரும்பாம்பு என்றுதான் சொல்வார்கள், அதற்கு எதிர்ப்பாம்பு இது. அழகுதான், மறுக்கல. ஆனா எனக்கு அதில் ஒரு உறுத்தல். மேலேயிருந்து பார்த்தால் முகம் இல்லை, குளிர் இல்லை. போலீஸ்காரனைப் பார்க்கவேண்டிய கண்ணாடி கேமராவைப் பார்க்கிறது. பரவலாகச் சுற்றியதும் இந்தப் படம்தான்.

குழாய் என்ன ஆச்சு? டிசம்பர் 4 அன்று ராணுவப் பொறியியல் துறை அனுமதி மறுத்தது. ஜனவரியில் டிரம்ப் வந்தார், 2017 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. அப்போ கலை தோத்துப்போச்சா என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி ஓவியத்தாலோ கேடயத்தாலோ கிடைப்பதில்லை, அந்தக் கணக்கே தப்பு என்பது என் எண்ணம். பலகையும் கயிறும் கிடைக்கிற எந்த ஊரிலும் அந்த வீடியோ இன்னும் வேலை செய்யும். மியூசியத்தில் மாட்டிய கேடயத்தால் அது முடியாது. அதில் நம்ம முகம் தெரியும், அதோட சரி.

2018-இல் வந்த 'எவ்ரி ஒன்' அதே முறைதான், இந்த முறை களிமண். காணாமல் போன, கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்கள், சிறுமிகள், பால்புதுமையினருக்காக அமெரிக்கா, கனடாவில் பல ஊர்க்காரர்கள் கையால் உருட்டி அனுப்பிய மணிகள், 4,000-க்கும் மேல். கனடா போலீஸ் 2014-இல் கொடுத்த கணக்கு 1,181. அந்த எண்ணிக்கை குறைவு என்று குடும்பங்கள் கத்திக்கொண்டே இருந்தன. எண் என்பதே சண்டையாக இருக்கும் இடத்தில், ஒவ்வொன்றையும் ஒரு கை தொட்டு எண்ணுவது சும்மா அலங்காரம் இல்லை.

அந்த மணிகளைச் சாம்பல் சாயல்களில் கோத்துத் தொங்கவிட்டு, காலி ஸ்பிட்சர் எடுத்த ஒரு புகைப்படத்தின் பெண் முகத்தை உருவாக்கியிருக்கிறார். டிரோன் படத்தில் வந்த உறுத்தல் இங்கேயும் எனக்கு வருகிறது: நாலாயிரம் பேர் ஒரே முகத்துக்குள் அடங்கலாமா? ஆனா இதில் கிட்டப் போக வழி இருக்கிறது. தள்ளி நின்றால் முகம். நெருங்கினால் முகம் கலைந்துபோய், கோணலும் மாணலுமாக, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத மணிகள் மட்டும்.