அவையின் மொழியும் உறுப்பினர் தகுதியும்: சிங்கப்பூர்ச் சட்டமன்றம், 1955–1959

சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தில் தமிழ் ஒலிக்க வழிவகுத்தது 1956 பிப்ரவரித் தீர்மானம் என்பர். கூற்று பிழையன்று, ஆயினும் குறையுடையது. டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய அத்தீர்மானம், வாய்மொழி விவாதத்திற்கு ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கையும் அவையின் மொழிகளாக ஏற்றது. 'வாய்மொழி விவாதம்' என்னும் வரையறையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவைக்குள் எம்மொழியில் பேசலாம் என்பதையே அது தீர்மானித்தது. அவைக்குள் யார் வரலாம் என்பதை அது தொடவில்லை.

அதனை வகுத்தது 1955இல் நடைமுறைக்கு வந்த ரெண்டல் அரசியலமைப்பு. நடவடிக்கைகளில் பங்கேற்கப் போதிய அளவு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் வல்லவரே உறுப்பினராகலாம். பார்வையற்றோருக்குப் படிப்பதில் மட்டும் விலக்குண்டு, பேசுவதில் இல்லை. ஆகவே 1956இல் தமிழில் பேசும் உரிமை ஆங்கிலம் அறிந்தவருக்கே கிட்டியது. தமிழ் மட்டுமே அறிந்தவர் வாக்களிக்கலாமேயன்றி வேட்பாளராக நிற்க இயலாது.

அவை நடைமுறை விதிகளை மட்டும் வாசிப்போர்க்கு இம்முரண் புலப்படாது. தகுதி விதிகளையும் உடன்வைத்துப் படித்தால், தமிழுக்கு 1956ஐவிட 1958 முதன்மையான ஆண்டு என்றே நாம் கருதுகிறோம். அவ்வாண்டின் அரசியலமைப்பு ஆணைதான் நான்கு மொழிகளுள் ஒன்றில் தேர்ச்சி போதுமென்றது. 51 இடங்களுக்கான 1959 மே மாதத் தேர்தல் அவ்விதியின்கீழ் நடைபெற்றது.