ஷார்ட்ஸ்டாப் ஏன் நகரவேண்டும்?

அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் பிப்ரவரியில் பேஸ்பால் முகாம்கள் திறந்ததும் இந்தப் பேச்சும் கிளம்பிவிடும். முப்பதைத் தாண்டிய ஒரு ஷார்ட்ஸ்டாப். அவருக்குப் பின்னால் கால் வேகமான ஓர் இளைஞர். தேர்டு பேஸுக்கு மாறிக்கொள்ளுங்களேன் என்று கிளப் கேட்கிறது, அவர் மாட்டேன் என்கிறார். மறுநாளே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: தலைக்கனம், சுயநலம், இளைஞருக்கு வழிவிட மனமில்லை.

பெயர் சொல்லத் தேவையில்லை. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு மூன்று முகங்களாவது நினைவுக்கு வரும். நான் முழுக்க முழுக்க அவர் பக்கம். அந்த மறுப்பில் அவருடைய குணத்தைத் துழாவுகிறவர்கள் ஆட்டத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அவர் எடுக்கும் ஒரே ஓர் அவுட்டைப் பார்ப்போம். தேர்டு பேஸ்காரருக்கும் அவருக்கும் நடுவே, ஹோலில், பந்து தரையோடு பாய்கிறது. வலப்பக்கம் நான்கு எட்டு, பேக்ஹேண்டில் கிளவுஸ், வலது காலை ஊன்றி ஃபர்ஸ்ட் பேஸுக்கு நீளமாக ஒரு வீச்சு. டிவியில் தெரிவது இவ்வளவுதான். முதல் எட்டை மட்டும் திரும்ப ஓட்டிப் பாருங்கள். பந்து மட்டையில் படுவதற்கு முன்பே அவர் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். என்ன பந்து வரப்போகிறது என்று காதில் சொல்லும் பிட்ச்காம் 2022இல் வந்த பிறகு, பிட்சரும் கேட்சரும் போக இன்னும் மூன்று ஃபீல்டர்கள் வரை அந்தக் கருவியைத் தொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம். ஷார்ட்ஸ்டாப் பெரும்பாலும் அதில் ஒருவர். வலக்கை பேட்டருக்கு மெதுவான பந்து என்று காதில் விழுந்ததுமே, இவர் இழுத்துத்தான் அடிப்பார் என்று அரை எட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த அரை எட்டில்தான் அவுட் இருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து வருடங்கள் ஒரே இடத்தில் நின்று, அந்தக் கோணத்திலிருந்தே ஆயிரக்கணக்கான மட்டைவீச்சுகளைப் பார்த்ததில் வந்த கணிப்பு அது.

தேர்டு பேஸில் இந்தக் கணிப்புக்கு அவகாசம் கிடையாது. ஹோம் பிளேட்டிலிருந்து பேஸ் 90 அடி தூரம். பன்ட் வரும் என்று சந்தேகம் தட்டினால் இன்னும் முன்னால் வந்து நிற்கவேண்டும். மணிக்கு 100 மைல் வேகத்தில் அடிபட்ட பந்து அரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நெஞ்சுக்கு முன்னால் வந்துவிடும். அடுத்த பேட்டரே பந்தை லேசாகத் தட்டிவிட்டு ஓடுவார். அதற்கு முன்னே பாய்ந்து, வெறுங்கையால் அள்ளி, ஓடுகிற ஓட்டத்திலேயே வீசவேண்டும். கண்ணுக்கு வேறு வேலை, காலுக்கு வேறு வேலை. பாயிண்டில் பறந்து பிடிக்கிறவரை ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் குந்தவைத்து, எல்லாம் ஃபீல்டிங்தானே என்று யாராவது சொன்னால் கிரிக்கெட் பார்க்கிற நமக்கு எவ்வளவு கோபம் வரும்!

செகண்ட் பேஸுக்கு அனுப்பினாலும் நிலைமை இதேதான். அங்கே டபுள் பிளேயில், தன்னை நோக்கி ஓடிவரும் ரன்னரைப் பார்க்காமலே திரும்பி வீசப் பழகவேண்டும். 2016இல் சறுக்கும் விதி கடுமையானதால் முழங்கால் போகும் பயம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஷிஃப்ட் ஓங்கியிருந்த வருடங்களில் ஷார்ட்ஸ்டாப் என்பது பெயரளவில்தான் ஓரிடமாக இருந்தது. இடக்கை பேட்டர் வந்தால் மூன்று இன்ஃபீல்டர்கள் வலப்பக்கம் குவிந்துவிடுவார்கள், ஒருவர் அவுட்ஃபீல்டு புல்லிலேயே போய் நிற்பார். பின்பாக்கெட்டில் உள்ள அட்டையை எடுத்துப் பார்த்து அதில் போட்டிருக்கும் இடத்துக்குப் போகவேண்டியதுதான். அப்போது ஒருவர் மறுத்திருந்தால் நானும் புருவத்தை உயர்த்தியிருப்பேன். 2023இலிருந்து நான்கு இன்ஃபீல்டர்களும் இன்ஃபீல்டு எல்லைக்குள் நிற்கவேண்டும், செகண்ட் பேஸுக்கு இருபுறமும் இரண்டிரண்டு பேராக. அட்டை அடைத்துவைத்த ஓட்டைகள் மறுபடி திறந்துகொண்டன. அவற்றை இனி கால்தான் அடைக்கவேண்டும். ஷார்ட்ஸ்டாப்பின் மதிப்பு இப்படித் திரும்பிவந்த நேரம் பார்த்து அவரை நகரச் சொல்கிறார்கள்!

கிளப் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 26 பேர் கொண்ட பட்டியலில் 13 பேர் வரை பிட்சர்கள். மிச்சமுள்ள 13இல் மட்டை மட்டும் பிடிக்கும் டிஹெச் உட்பட ஒன்பது பேர் ஆட்டத்தில், ஒருவர் மாற்று கேட்சர், பெஞ்சில் மீதி மூன்றே பேர். அதனால்தான் எந்த இடத்திலும் நிற்கக்கூடியவர்களுக்கு இன்று இவ்வளவு கிராக்கி. மூன்று கிளவுஸைப் பையில் சுமக்கும் அந்த ஆட்டக்காரர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அது தனித் தொழில். ஆனால் அவர்களைக் காட்டி இவரை அடிப்பது அநியாயம்.

பணமும் இதில் இருக்கிறது, அதைச் சொல்ல ஏன் கூச்சப்படவேண்டும்? ஃபேன்கிராஃப்ஸ் புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில் முழு சீசனும் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவருக்கு ஏழரை ரன் வரவு, தேர்டு பேஸில் இரண்டரைதான். ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனால் பன்னிரண்டரை ரன் பற்று. பத்து ரன் என்பது ஏறக்குறைய ஒரு வெற்றி. அதே மட்டையோடு, அதே ஆள் பேஸ் மாறி நின்றாலே மதிப்பு இறங்கிவிடும். அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேச உட்காரும்போது, அணிக்காக மாறினீர்களே என்று அந்தக் கணக்கை யாரும் திருத்தி எழுதப்போவதில்லை.

அவருடைய ரேஞ்ச் உண்மையிலேயே போய்விட்டது என்று மேனேஜர் நினைத்தால் தாராளமாக உட்காரவைக்கட்டும். லைன்அப் அட்டை அவர் கையில்தானே இருக்கிறது? மறுத்தவரும் பெஞ்சில் உட்காரத் தயாராக இருக்கவேண்டும். அப்போது முணுமுணுத்தால் நானே அவருக்கு எதிராக எழுதுவேன். ஆனால் முடிவைத் தாங்கள் எடுக்காமல், அவரே விரும்பிப் போனதுபோல் காட்டப் பார்ப்பது நேர்மையில்லை.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். சீசனின் முதல் நாள் ஷார்ட்ஸ்டாப்பில் அவர்தான் நிற்பார். ஏப்ரலில் ஓர் எர்ரர் விழும், பழைய பேச்சு மறுபடி தலையெடுக்கும், மேனேஜர் அசையமாட்டார். ஜூலைக் கடைசியில் டிரேட் கெடு நெருங்கும்போது அவர் பெயர் அடிபடும், ஆனால் எந்த டிரேடும் நடக்காது. நல்ல ஷார்ட்ஸ்டாப்பை அக்டோபருக்கு முன்னால் கைவிட எந்தக் கிளப்புக்கும் துணிச்சல் வராது. இனிப் பெரிய ஒப்பந்தங்களைப் பேசும்போது, எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதையும் ஏஜென்ட்கள் முன்கூட்டியே மேசையில் வைப்பார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அந்த முதல் எட்டு தாமதமாவதை அவரே உணர்வார். அன்றைக்கு அவராகவே தேர்டு பேஸ் கேட்பார், ஒரு குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு வந்து நன்றாகவும் ஆடுவார்.

இந்த வருடம் நகரப்போவது அந்த இளைஞர்தான். மே மாதம் முடிவதற்குள் அவரைச் செகண்ட் பேஸில் பார்ப்பீர்கள்.