நல்லூர் வீதியில் ஒரு குளிர்ச்சி

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மஹோத்ஸவ காலத்தில், அடியார்கள் அங்கப் பிரதக்ஷிணம் செய்யும் மணல் வீதியை வலம்வந்து, அர்ச்சனை முடித்து, அப்பாவின் விரலைப் பற்றியவாறு ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைந்த மாலைப்பொழுதுகளை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் குளிர்கிறது. அடியில் பழத்துண்டுகளும் ஜெலியும் கிடக்க, மேலே மூவர்ண உருண்டைகள் கோபுரம்போல் எழுந்து, சிகரத்தில் கஜு சிதறிக் கிடக்கும் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை, கை விபூதி மணம் மாறாமலே நாங்கள் ஏந்துவோம். விரதமென்று முதலில் மறுக்கும் அம்மம்மாவும், “முட்டை போடாததுதானே?” என்று விசாரித்தபின் ஒரு கரண்டி அங்கீகரிப்பார். பாலும் சர்க்கரையும், அவற்றோடு அடித்துக் கலந்த காற்றும் உறைந்த சாதாரணப் பண்டமே அது. எனினும் அதன் ருசியில் பாதி, பக்கத்தில் அமர்ந்து உண்டவர்களுடையது.