பெயர் யாருக்குச் சொந்தம்?

கவிதையையும் நாவலையும் கட்டுடைக்கிற நாம், பெருநிறுவனங்களின் சொல்லாடலை நிர்வாகவியல்காரர்களிடம் விட்டுவிட்டோம். 'கம்பெனிக் கலாச்சாரம்' என்பதும் ஒரு பிரதிதான். உள்ளே வேலை பார்க்கிற இளைஞர்கள் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதை ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைப் போராட்டத்தில் பார்க்கலாம்.

2024 செப்டம்பர் 9இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். முதன்மையான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அக்டோபர் 7இல் நிர்வாகம் ஒரு பகுதித் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, சில மாதங்களுக்கு மாதம் 5000 ரூபாய் ஊக்கத்தொகை என்றது. காசுதான் பிரச்சினை என்றால் மற்றவர்களும் அன்றைக்கே எழுந்து போயிருக்கலாமே? போகவில்லை. போராட்டம் 37 நாள் நடந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக்கூடாது, அது வணிகப் பெயர் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. கம்பெனியின் பெயரைத் தொழிலாளியின் சட்டையில் தைக்கலாம், கழுத்தில் தொங்கவிடலாம். அதே பெயரை அவனாக எடுத்து எழுதினால் மட்டும் அது சொத்துப் பிரச்சினை ஆகிவிடுகிறது. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பது பெருநிறுவனங்களின் வழக்கமான பேச்சு. நம் ஊரில் அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ள எந்தப் பிள்ளையும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் குடும்பம் என்பதே ஓர் அதிகார அமைப்பு. யார் பேசலாம், யார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அது வகுத்து வைத்திருக்கிறது. அந்த அர்த்தத்தில் கம்பெனிக்காரர்கள் பொய் சொல்லவில்லை.

'கொரியக் கலாச்சாரமே அப்படித்தான்' என்ற சமாதானமும் செல்லாது. சங்கமில்லா நிர்வாகம் என்ற கொள்கையைக் கைவிடுவதாக லீ ஜே-யோங் 2020 மே மாதம் பகிரங்க மன்னிப்போடு அறிவித்தார். 2024 ஜூலையில் கொரியத் தொழிலாளர்களே அதே நிறுவனத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மோதல் இரண்டு நாட்டுப் பண்பாடுகளுக்கு இடையில் இல்லை.

வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' அந்தப் பெயரோடேயே பதிவானது. கூலி, போனஸ் கணக்கோடு மட்டும் தொழிற்சங்கத்தைப் பார்த்துப் பழகிய நம் இடதுசாரி மனம் இந்த வெற்றியின் பொருளை இன்னும் முழுசாக உள்வாங்கவில்லை என்றே நினைக்கிறேன். தன்னைக் குறிக்கும் சொல்லைத் தானே எழுதும் உரிமை அது.

ஆனால் இதோடு திருப்திப்பட்டுவிட முடியாது. வேறொரு பெரிய கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கும் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சொன்னான்: "கம்பெனி பேரைச் சொன்னா ஊருல மரியாதைண்ணே. சம்பளச் சீட்டுல மட்டும் வேற எவனோ பேரு இருக்கும்." நிரந்தரத் தொழிலாளி பெயருக்காக வழக்காட முடிந்தது. இவன் எந்தப் பெயரில் சங்கம் வைப்பான்? ஒரே லைனில், ஒரே சட்டையோடு நிற்கிற இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் அந்தப் பெயர் சொந்தம் என்றால், வென்ற சங்கம் அடுத்துப் பேச வேண்டியது இவனைப் பற்றித்தான்.