சிற்றில் யாருடைய விளையாட்டு?

போன வாரம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பையன், என் மகள் அரைமணி நேரமாக அடுக்கிய கட்டைக் கோபுரத்தை ஒரே உதையில் சாய்த்தான். "விடும்மா, சின்னப் பையன்தானே, விளையாட்டுக்குப் பண்ணிட்டான்" என்றேன். சொன்ன பிறகு உறுத்தியது. எங்கேயோ படித்த காட்சி மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், பிள்ளைத்தமிழ்!

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். காப்பு முதல் அம்புலி வரை ஏழும் இருபாலுக்கும் பொது. எட்டாவதில்தான் பாதை பிரிகிறது, எங்கள் தொழிலில் சொல்லும் இஃப்-எல்ஸ் மாதிரி. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல்.

17ஆம் நூற்றாண்டின் குமரகுருபரர் இரண்டு வகையும் பாடியவர். வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்குச் சிறுதேர் கிடைக்கிறது. மதுரை மீனாட்சிக்கு ஊஞ்சல்தான். தடாதகையாகப் படை நடத்திக் கயிலை வரை போனவளுக்குத் தேர் புதுசா என்ன? ஆனாலும் இலக்கணம் விடவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் அது சுலபமான விமர்சனம். அம்மானை ஒன்றும் மட்டமான ஆட்டமில்லை. கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். என் சிக்கல் சிற்றில் பருவத்தோடுதான். பறையும் தேரும் பையனுடையவை. சிற்றில் அவனுடையதே இல்லை. சிறுமிகள் மணலில் கட்டிய வீடு. அதைக் காலால் அழிப்பது அவன் விளையாட்டு. அழிக்காதே என்று கெஞ்சுவது அவர்கள் பங்கு. அந்தக் கெஞ்சல்தான் பாட்டு.

இது ரொம்பப் பழைய காட்சி. கலித்தொகை 51ஆம் பாட்டில், சின்ன வயதில் மணல்வீட்டை மிதித்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வந்து அவள் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். தாய் ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று மறைத்துவிடுகிறாள். அழகான பாட்டு, நானும் ரசித்தவன்தான். ஆனால் மணல்வீட்டை மிதித்ததே காதலுக்கு முன்னுரையாகிவிடுவதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

உயிர்கள் கட்டும் சிறு உலகத்தை இறைவன் கலைக்கிறான் என்று தத்துவம் சொல்லலாம். சரி. ஆனால் அந்தத் தத்துவத்துக்கு உவமையாக, பையன் உடைக்க, பெண்கள் கெஞ்சும் காட்சிதானே கிடைத்தது? கேட்பவர்களுக்கு அது அவ்வளவு பழகியிருக்க வேண்டும்.

பொம்மைக் கடையில் பெண் பிள்ளைக்குச் சொப்பு, பையனுக்குக் கார் என்று பிரிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பொம்மையை மாற்றுவது சுலபம். என் மகளிடமும் கார் இருக்கிறது. யார் உடைக்கலாம், யார் பொறுத்துப்போக வேண்டும் என்கிற பாடம் பொம்மையில் இல்லை. பக்கத்தில் நிற்கும் பெரியவர் சொல்லும் ஒரு வரியில் இருக்கிறது.

அன்று அந்தப் பையனையும் உட்காரவைத்து, கோபுரத்தைத் திரும்ப அடுக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.